வெயில் ஊருன்னா கெட்டி ஆயில்தான் போடணுமா?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல திருப்பிச் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. வேலூர்ல இருக்கீங்க, 1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், 11 வருஷம் ஆச்சு, 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மேனுவல்ல 5டபிள்யூ-30னு போட்டிருக்கு, இத்தனை நாளா அதையே ஊத்திட்டு வந்தீங்க. இப்ப வெளிய ஒரு மெக்கானிக் அண்ணன் டிப் ஸ்டிக்கை உருவி விரல்ல தேய்ச்சுப் பாத்துட்டு, தண்ணி மாதிரி இருக்கே, நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்காது, 20டபிள்யூ-50 போடு இல்லன்னா ஒருநாள் இன்ஜின் சீஸ் ஆயிடும்னு சொல்லியிருக்கார். இன்னொரு பக்கம் டொரண்டோல இருக்கிற உங்க மச்சான் தன் காருக்கு 0டபிள்யூ-20 போடறார், அவருக்குப் பனி, எனக்கு மே மாசம் 42 டிகிரி, அப்ப மெக்கானிக் சொல்றதுல நியாயம் இருக்கோன்னு உங்களுக்கு சந்தேகம். எந்த டப்பா வாங்கறதுன்னு கேட்டிருந்தாலும், உள்ள இருக்கிற கேள்வி வேற. வெளிய அடிக்கிற வெயில் இன்ஜினுக்குள்ள ஓடற ஆயிலை எவ்வளவு தூரம் பாதிக்கும்? அதுக்குப் பதில் கிடைச்சா டப்பா தானா முடிவாயிடும்.

நான் ஐடிஐல மோட்டார் மெக்கானிக் படிச்சுட்டு நாமக்கல்ல லாரிப் பட்டறைல 6 வருஷம், அப்புறம் ஒரு கார் டீலர் ஒர்க்‌ஷாப்ல 9 வருஷம் இருந்தேன், இப்ப சேலத்துல சொந்தமா பட்டறை வச்சிருக்கேன். ஆயிலைத் தயாரிக்கிற கெமிஸ்ட் இல்ல நான். ஆயிலால நல்லா இருந்த இன்ஜினையும் கெட்டுப்போன இன்ஜினையும் பிரிச்சுப் பாத்தவன், டப்பா பின்னாடி இருக்கிற பொடி எழுத்தையும் ஆயில் கம்பெனிங்க குடுக்கிற டேட்டா ஷீட்டையும் உக்காந்து படிக்கிற பழக்கம் உள்ளவன், அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கணும்.

அந்த விரல் பரிசோதனைல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா குழப்பம் பூரா அங்கதான் பிறக்குது. நல்லா ஓடி சூடா வந்து நிக்கிற வண்டில எந்த ஆயிலைத் தொட்டாலும் தண்ணியாத்தான் இருக்கும். அவர் சொல்ற அதே 20டபிள்யூ-50 ஊத்தின வண்டியையே ஹைவேல 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ராம்ப்ல ஏத்தி டிரெயின் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க, கடைசி மரையை விரலால சுத்தி எடுக்கறதுக்குள்ள சல்லுன்னு பீச்சி அடிச்சு மணிக்கட்டு வரைக்கும் சுட்டுடும். அதே வண்டியை ராத்திரி நிறுத்தி வச்சுட்டு விடிகாலைல கழட்டுங்க, பாகு மாதிரி கயிறு கயிறா இறங்கும், கடைசி சொட்டு நூலாத் தொங்கிட்டு நிக்கும், முழுசா வடியக் கால் மணி நேரம் ஆகும். ஒரே ஆயில்தான், சூடு மட்டும்தான் வேற. அதனால எந்தச் சூட்டுலன்னு சொல்லாம இந்த ஆயில் கெட்டி, அந்த ஆயில் தண்ணின்னு பேசறதுக்கு அர்த்தமே கிடையாது.

இதை நம்பர்லயும் பாத்துடுங்க. ஆயிலோட கெட்டித்தன்மையை, அதாவது விஸ்காசிட்டிய, சென்டிஸ்டோக்ஸ்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, பெரிய நம்பர்னா கெட்டி. சாதாரணமா கிடைக்கிற 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரில 65 பக்கம் இருக்கும், 100 டிகிரிக்குப் போனா 11 பக்கம் இறங்கிடும். 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரில 160, 170, 100 டிகிரில 18, 19. பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். இப்ப வேலூர்ல ஒரு காலை நேரத்தை எடுத்துக்கங்க, 30 டிகிரி, நமக்குப் புழுக்கம். அந்தச் சூட்டுல 5டபிள்யூ-30 சுமார் 100ல நிக்கும், அதாவது வேலை செய்ய வேண்டிய கெட்டியை விட ஒம்பது பத்து மடங்கு கெட்டி. 20டபிள்யூ-50 அந்த நேரத்துல 280, 290 பக்கம் இருக்கும். நமக்கு வேர்க்குது, ஆனா 100 டிகிரில வேலை பாக்கறதுக்குன்னு செஞ்ச இன்ஜினுக்கு நம்ம ஊர் மே மாசக் காலையும் குளிர்காலம்தான். வெயில் ஊருக்கு கெட்டி ஆயில்னு சொல்றவங்க இந்த ஒரு விஷயத்தைத்தான் யோசிக்காம விட்டுடறாங்க.

அடுத்து டப்பா மேல இருக்கிற நம்பர். டபிள்யூன்னா வெயிட்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அது விண்டர். டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற நம்பர் ஆயில் பனில எப்படி நடந்துக்கும்ங்கறதுக்கான பரிட்சை மார்க். 0டபிள்யூன்னா மைனஸ் 35 டிகிரில ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுத்த முடியணும், மைனஸ் 40லயும் பம்ப் அதை உறிஞ்ச முடியணும். 5டபிள்யூக்கு அது மைனஸ் 30, மைனஸ் 35. 20டபிள்யூக்கு மைனஸ் 15, மைனஸ் 20. இந்தப் பரிட்சையோட நம்ம தமிழ்நாட்டுக்கு நேரடிச் சம்பந்தம் ரொம்பக் கம்மி, ஜனவரில ஊட்டில புல் மேல உறைபனி படியற அன்னைக்குக் கூட 20டபிள்யூ ஆயில் உறைஞ்சு நிக்காது. டொரண்டோல ஜனவரி ராத்திரி மைனஸ் 20 வரைக்கும் இறங்கும், அதனால உங்க மச்சானுக்கு அந்த 0 உண்மையாவே உசிரு. நம்ம ஆளுங்க யாராவது குளிர்காலத்துல லே, லடாக்னு காரை எடுத்துட்டுக் கிளம்பினா அவங்களுக்கும் இது பொருந்தும், அங்க 20டபிள்யூ ஆயிலோட போய் ராத்திரி வெளிய நிறுத்தினா காலைல செல்ஃப் எடுக்கறதே சந்தேகம். உங்களுக்கு வேலூர்ல இந்த முதல் நம்பரால கிடைக்கிற லாபம் வேற மாதிரி, முதல் நம்பர் சின்னதா இருக்கிற ஆயில் காலை ஸ்டார்ட்ல சீக்கிரமா மேல ஹெட்டுக்குப் போய்ச் சேரும், கேம் ஷாஃப்ட்டு வறண்டு உரசற நேரம் குறையும். அவ்வளவுதான், ஆனா வாரத்துக்குப் பத்துப் பதினஞ்சு தடவை ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்றவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

ரெண்டாவது நம்பர்தான் நீங்க கவனிக்க வேண்டியது. 100 டிகிரில ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கறதைச் சொல்றது அது. 30ன்னா 9.3ல இருந்து 12.5க்குள்ள, 40ன்னா 12.5ல இருந்து 16.3க்குள்ள, 50ன்னா 16.3ல இருந்து 21.9க்குள்ள இருக்கணும்னு எஸ்ஏஈங்கிற வண்டி இன்ஜினியருங்க அமைப்பு விதி வச்சிருக்கு. ஏன் 100 டிகிரியப் பிடிச்சாங்க? ஓடற இன்ஜின்ல ஆயில் அந்தச் சுத்துவட்டாரத்துலதான் இருக்கும். தெர்மோஸ்டாட் வால்வ் 82, 88 டிகிரி மாதிரி ஒரு சூட்டுல திறக்கும், கூலன்ட் சூடு ஏறினா ரேடியேட்டர் ஃபேன் ஓடும், குளிர்ந்தா தெர்மோஸ்டாட் மூடிக்கும். இன்ஜின் தனக்குன்னு ஒரு சீதோஷ்ணத்தை உள்ளயே வச்சுக்கிட்டு ஓடுது. நல்லா சூடான பிறகு டொரண்டோ பனில ஓடற உங்க மச்சான் கார் கூலன்ட்டும் வேலூர் வெயில்ல ஓடற உங்க கார் கூலன்ட்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுலதான் நிக்கும். அதனாலதான் ரெண்டாவது நம்பரை ஊர் முடிவு பண்றதை விட இன்ஜின் டிசைன்தான் அதிகமா முடிவு பண்ணுது.

கிட்டத்தட்டன்னு சொன்னேன், முழுசான்னு சொல்லல, அந்த மெக்கானிக் அண்ணன் பக்கம் இருக்கிற நியாயம் இங்கதான் இருக்கு. கூலன்ட்டைப் பிடிச்சு நிறுத்தத் தெர்மோஸ்டாட் இருக்கு, ஆனா சின்ன பெட்ரோல் கார்ல ஆயிலுக்குன்னு தனி கூலர் பெரும்பாலும் இருக்காது, சம்ப்புல, அதாவது இன்ஜின் அடில ஆயில் தேங்கற தட்டுல, அடிக்கிற காத்துலதான் பாதி ஆறணும். வெளிய 42 டிகிரி, கீழ தார் ரோடு அனல் கக்குது, ஏசி ஃபுல்லா ஓடுது, அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான், வேலூர்ல இருந்து கிளம்பி ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவை ரெண்டாவது கியர்லயே ஏறறீங்க, அப்ப ஆயில் 100ஐத் தாண்டி 115, 120 வரைக்கும் போகலாம். அந்த இடத்துல 10 டிகிரி ஏறினா ஆயில் தன் கெட்டித்தன்மைல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கை இழக்கும். இதைக் கணக்காப் போட்டுப் பாத்தா, எஸ்ஏஈ ஒரு கிரேடுங்கறது ஏறக்குறைய 12, 13 டிகிரி சூட்டு வித்தியாசத்தை ஈடு கட்டும். அதாவது கடுமையான வெயில், பாரம், மலை மூணும் சேர்ந்த உபயோகத்துக்கு 30ல இருந்து 40க்குப் போறதுக்குக் கணக்கு இடம் குடுக்குது. 50க்குத் தாவறதுக்கு இடம் குடுக்கல. என் முடிவோட எல்லை இவ்வளவுதான், இதுக்கு மேல போறதுக்கு வெயிலைக் காரணமாக் காட்ட முடியாது.

அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, கடைக்காரங்களே பல பேர் கவனிக்கறதில்ல. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல, பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் நடுவுல ஆயில் நசுங்கற இடத்துல சூடு 150 டிகிரியத் தொடும், அங்க வேகமா இழுபடும்போது ஆயில் எவ்வளவு தாங்குதுன்னு எச்டிஎச்எஸ்னு தனியா ஒரு அளவு இருக்கு. 20 கிரேடுக்குக் குறைஞ்சபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5, 15டபிள்யூ-40க்கும் 50 கிரேடுக்கும் 3.7 இருக்கணும். இப்ப பாருங்க, ஐரோப்பா ஏசிஈஏ தரத்துல சி3ன்னோ ஏ3/பி4ன்னோ போட்ட 5டபிள்யூ-30 டப்பா ஒண்ணை எடுத்தா அதுக்குக் குறைஞ்சபட்சம் 3.5 இருந்தே ஆகணும். ஜப்பான், அமெரிக்கா வழக்கத்துல மைலேஜுக்காகச் செஞ்ச 5டபிள்யூ-30 டப்பா 3 பக்கத்துலயே நிக்கும். முன்பக்கம் பாத்தா ரெண்டு டப்பாவும் 5டபிள்யூ-30 தான், உள்ள இருக்கிறது வேற. 40 போடலாமா 30 போடலாமான்னு தவிக்கிறவங்க பல பேருக்கு இந்த சி3 வகை 5டபிள்யூ-30 போதும், கிரேடை மாத்தாமலேயே அவங்க தேடற பலம் கிடைச்சுடும். டப்பாவைத் திருப்பி பின்பக்கம் படிங்க, மேனுவல்ல சொன்ன ஏபிஐ தரம் (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்போட தரக் குறியீடு) எழுதியிருக்கான்னும் அப்படியே பாத்துக்கங்க.

சரி, 20டபிள்யூ-50 போட்டா அப்படி என்ன ஆயிடும்? ஒரே நாள்ல இன்ஜின் போயிடாது, அப்படிப் பயமுறுத்தறதும் தப்பு. காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே ஆயில் பிரஷர் எகிறும், பாக்கறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும், ஆனா பிரஷர் வேற, போய்ச் சேர்ற ஆயில் வேற. தோட்டத்துல தண்ணி விடற டியூப் வாயை கட்டை விரலால அமுக்கினா அழுத்தம் கூடும், வாளி ரொம்ப நேரமாகும், இல்லையா. அதே கதைதான் இங்கயும், கெட்டி ஆயில் சின்னச் சந்துல நுழைய முடியாம பிரஷர் ஏறி, பம்ப்ல இருக்கிற ரிலீஃப் வால்வ் திறந்து, மேல போக வேண்டிய ஆயில் திரும்ப சம்ப்புக்கே கொட்டிடும். ஃபில்டருக்குள்ளயும் ஒரு பைபாஸ் வால்வ் இருக்கும், ஆயில் பேப்பர்ல புகுந்து போக முடியலன்னா அது திறந்து வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ள விடும். உங்க கார்ல விவிடி இருந்தா, அதாவது வால்வ் திறக்கிற நேரத்தை ஆயில் பிரஷராலயே முன்ன பின்ன நகர்த்தற அமைப்பு இருந்தா, அதுல இருக்கிற சின்ன சாலினாய்டு வால்வும் ஊசித் துளையும் மெல்லிசான ஆயிலை நம்பித்தான் செஞ்சது. கெட்டி ஆயில்ல அது சோம்பலா வேலை செய்யும், பிக்கப் குறையும், மைலேஜ் குறையும், சில வண்டில செக் இன்ஜின் லைட்டே வந்துடும். டைமிங் செயின் டென்ஷனருக்கும் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்கும் இதே பாடுதான்.

இதை விடப் பெரிய கெடுதல் ஒண்ணு இருக்கு, கெட்டி ஆயில் வியாதிய மறைச்சுடும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு கார் டோ பண்ணி வந்துச்சு. ஐடிலிங்ல ஆயில் லைட்டு விட்டு விட்டு எரிஞ்சிருக்கு, பக்கத்துல ஒரு பட்டறைல ஆயில் இளகிடுச்சுன்னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்திக் குடுத்துட்டாங்க, லைட்டு நின்னு போச்சு, ஓனரும் நிம்மதியா ஓட்டியிருக்கார். நாலு மாசம் கழிச்சு ஏற்காடு போய்ட்டு இறங்கறப்ப அடில டக் டக்னு ராட் நாக், அதாவது தேஞ்ச பேரிங் தட்டற சத்தம், கேட்டிருக்கு. சம்ப்பை இறக்கினேன். பம்ப் ஆயிலை உறிஞ்சற வாய்ல இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலைல முக்கால்வாசி அடைச்சுக் கிடந்துச்சு, கருப்பா அல்வா மாதிரி ஸ்லட்ஜ், அதுக்குள்ள முன்னாடி யாரோ சம்ப் ஒட்டறப்ப அளவில்லாம அப்பின சிலிகான் பசையோட துணுக்குங்க, விரலால கிள்ளினா ரப்பரா இழுத்துச்சு. மூணாவது சிலிண்டர் ராட் பேரிங் ஷெல்லைக் கழட்டினா மேல் பூச்சு பூரா தேஞ்சு செம்பு நிறம் தெரியுது. லைட்டு எரிஞ்ச அன்னைக்கே சம்ப்பை இறக்கி அந்த வலையைக் கழுவியிருந்தா ஒரு மத்தியான வேலை, அதோட முடிஞ்சிருக்கும். கடைசில கிராங்கைக் கழட்டி லேத்துக்கு அனுப்பி கிரைண்டிங், அண்டர் சைஸ் பேரிங், முழு இன்ஜின் வேலை. ஆயில் லைட்டு எரியறது இன்ஜின் போடற கூக்குரல், அதை ஆயிலை மாத்தி அடக்கறது ஜுரம் வந்த குழந்தைக்கு தெர்மாமீட்டரை ஒளிச்சு வைக்கிற மாதிரி. லாரிப் பட்டறைல இருந்து வந்த புதுசுல நானும் கார்களுக்குக் கெட்டி ஆயிலா ஊத்திக் குடுத்திருக்கேன், சத்தம் அடங்கினா வேலை முடிஞ்சதுன்னு நம்பின காலம் அது, இன்னைக்கு நினைச்சாலும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

அதே சமயம் உங்க மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்லவும் மனசு வரல, அவர் கத்துக்கிட்ட காலத்துல அது சரியான வேலைதான். அம்பாசடர், பத்மினி, மாருதி 800, ஆம்னி ஓடின காலத்துல 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் எங்கயும். இப்ப லாரிக்கு 15டபிள்யூ-40 ஊத்தறதும் சரிதான். அந்த இன்ஜின் இடைவெளி, பம்ப், பேரிங் எல்லாம் அந்த ஆயிலுக்குன்னே செஞ்சது. ஒரு இன்ஜினுக்குச் சரியா இருந்ததை இன்னொண்ணுக்குத் தூக்கி வைக்கிறதுதான் பிரச்சினை.

இப்ப சந்தேகத்துக்கு இடமான பக்கத்துக்கு வர்றேன். கார் கம்பெனிங்க 20, 16னு மெல்லிசாப் போய்ட்டே இருக்கறது மைலேஜ் கணக்குக்காகத்தானே, இன்ஜின் ஆயுசுக்காக இல்லையேன்னு கேக்கிறவங்க இருக்காங்க. அதுல உண்மை இருக்கு. நம்ம நாட்டுலயும் 2017-18ல இருந்து கம்பெனி விக்கிற கார்களோட சராசரி எரிபொருள் செலவுக்கு கஃபேன்னு ஒரு உச்சவரம்பு வந்துச்சு, 2022-23ல அதை இன்னும் இறுக்கினாங்க, ஆயிலை மெல்லிசாக்கறது அந்தக் கணக்குக்கு உதவற விலை கம்மியான வழி. டொயோட்டா சில மேனுவல்ல 0டபிள்யூ-20ஐச் சொல்லிட்டு, அதிக வேகத்துலயோ கடுமையான பாரத்துலயோ ஓட்டறவங்களுக்கு இதை விடக் கெட்டி பொருத்தமா இருக்கலாம்னு அதுலயே எழுதியிருக்காங்க. ஆக ஒரு இன்ஜினுக்கு ஒரே ஒரு நம்பர்தான்னு இல்ல, ஒரு சின்ன வரம்பு இருக்கு, கம்பெனி அந்த வரம்புல மெல்லிசான முனையைச் சிபாரிசு பண்ணுதுன்னு எடுத்துக்கலாம். ஆனா அதுக்காக 0டபிள்யூ-16 போட்டா இன்ஜின் சீக்கிரம் தேஞ்சிடும்னு சொல்றதை நான் ஏத்துக்கல, அந்த இன்ஜினோட பேரிங்கும் பம்ப்பும் அதுக்கேத்த மாதிரி செஞ்சது, ஒழுங்கா ஆயில் மாத்தின வண்டிங்களை நான் பிரிச்சப்போ அப்படி ஒரு தேய்மானம் கண்ணுல படல. புது வண்டி, வாரன்ட்டி இருக்குன்னா மேனுவல்ல சொன்னதை அப்படியே போடுங்க, வேற யோசனையே வேண்டாம்.

உங்க வண்டி வாரன்ட்டி எல்லாம் தாண்டின வண்டி. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல அரை லிட்டர் போல குறையுதுன்னு எழுதியிருக்கீங்க. 10,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்னா அது வியாதியே இல்ல, மாசத்துக்கு ஒருக்கா டிப் ஸ்டிக் பாத்து டாப் அப் பண்ணிட்டு ஓட்டலாம். 1000 கிலோமீட்டருக்கே அரை லிட்டர், முக்கால் லிட்டர் போனாத்தான் கவலைப்படணும். அப்பவும் நேரா கெட்டி ஆயிலுக்குப் போகாதீங்க. முதல்ல வால்வ் கவர் கேஸ்கெட், கிராங்க் சீல் கசியுதான்னு பாருங்க, பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடற சின்ன வால்வை, கழட்டி ஆட்டிப் பாருங்க, கட கடன்னு சத்தம் வரணும், வரலன்னா அடைச்சிருக்கு, விலை கம்மியான பார்ட்டு அது, அதை மாத்தினதுமே ஆயில் குடிக்கிறது நின்ன வண்டிங்க எத்தனையோ பாத்திருக்கேன். காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே மட்டும் நீலப்புகை வந்து அடங்குதுன்னா வால்வ் சீல் பக்கம் சந்தேகப்படணும், ஏத்தத்துல மிதிக்கிறப்ப தொடர்ந்து வருதுன்னா ரிங் பக்கம். ரிங் தேஞ்ச வண்டிக்கு 5டபிள்யூ-40 போட்டா குடிக்கிறது கொஞ்சம் குறையும், இன்ஜின் வேலைய ஒரு வருஷம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான் அதால முடியும்.

வேற வண்டிக்காரங்க இதைப் படிச்சா அவங்களுக்காக ரெண்டு வார்த்தை. பிஎஸ்6 டீசல்ல புகை வடிகட்டியா டிபிஎஃப் இருக்கு, அதுக்கு விஸ்காசிட்டி சரியா இருந்தா மட்டும் போதாது, சாம்பல் கம்மியா விடற சி2, சி3 மாதிரி ஆயில் வேணும், இல்லன்னா சாம்பல் சேர்ந்து சேர்ந்து அது அடைச்சுக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல்காரங்க, 2020ல வந்த ஏபிஐ எஸ்பியோ அதுக்கு மேலயோ உள்ள டப்பாவாப் பாருங்க, கம்மி ஆர்பிஎம்ல மிதிக்கிறப்ப முன்கூட்டியே பத்திக்கிற நாக்கிங்கைத் தடுக்கற பரிட்சை அதுல இருக்கு. பைக்குக்கு இந்தப் பதிலே பொருந்தாது, அதுல கிளட்ச்சும் அதே ஆயில்ல ஊறுது, கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும்.

நம்ம ஊர்ல விஸ்காசிட்டியை விடப் பெரிய ஆபத்து போலி ஆயில், இதைச் சொல்லாம விட முடியாது. பழைய ஆயிலை வடிகட்டிப் பேர் பெத்த டப்பால அடைச்சு விக்கிறாங்க, அதுல 5டபிள்யூ-30னு எழுதியிருந்தாலும் உள்ள என்ன நம்பர்னு சாமிக்குத்தான் தெரியும். பில்லோட வாங்குங்க, மூடி சீலைப் பாருங்க, சுரண்டற கோடு, க்யூஆர் கோடு இருந்தா ஸ்கேன் பண்ணுங்க, உங்க கண்ணு முன்னாடி டப்பாவைத் திறக்கச் சொல்லுங்க, ஊத்தி முடிச்சதும் காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அங்கயே ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு குத்து குத்திடுங்க. என் பட்டறைல நானே குத்திப் போடறேன். அதே மாதிரி, எவ்வளவு நல்ல ஆயிலும் ஓட ஓட மாறும். உள்ள இருக்கிற பாலிமர் நைஞ்சு இளகும், குட்டி குட்டி தூரம் ஓட்டினா பெட்ரோல் கலந்து இளகும், சூட்டுல ரொம்ப நாள் கிடந்தா கருகிக் கெட்டியாகும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்ட்டு நிறுத்தற வண்டிக்கு மேனுவல்லயே கடுமையான உபயோகம்னு தனியா ஒரு அட்டவணை இருக்கும், அதுல சொன்ன கம்மியான கிலோமீட்டரை எடுத்துக்கங்க. கிலோமீட்டர் ஆகலன்னாலும் வருஷம் ஒரு தடவை மாத்திடுங்க.

உங்களுக்கு என் பதில் இது. 20டபிள்யூ-50 வேண்டாம். தினப்படி வேலூருக்குள்ள ஓட்டறது, வாரம் ஒருக்கா சென்னை போறது இவ்வளவுதான்னா மேனுவல்ல இருக்கிற 5டபிள்யூ-30லயே இருங்க, கொஞ்சம் கூடுதல் பலம் வேணும்னு மனசு அடிச்சுக்கிச்சுன்னா அதுலயே எச்டிஎச்எஸ் 3.5க்கு மேல உள்ள வகையைத் தேடி வாங்குங்க. மே, ஜூன்ல ஃபுல் லோடோட அடிக்கடி மலை ஏறுவீங்க, ஆயிலும் குடிக்கிற அளவு கூடிட்டே வருதுன்னா 5டபிள்யூ-40 தாராளமாப் போடலாம், ஆனா அதுக்கு முன்னாடி மேனுவல்ல ஆயில் பக்கத்துல தெர்மாமீட்டர் படம் போட்டு கோடு கோடா ஒரு சார்ட் இருக்கான்னு பாருங்க, பல கம்பெனி மேனுவல்ல எந்தச் சூட்டுல எந்தெந்த கிரேடு போடலாம்னு அதுல குடுத்திருப்பாங்க, 40 கிரேடு அதுல இருந்தா கண்ணை மூடிட்டுப் போடலாம். இல்லன்னா என்ன பண்றதுன்னு வண்டியப் பாக்காம நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மாடல் பேரை நீங்க எழுதல, அதையும் அந்தப் பக்கத்தோட போட்டோவையும் போடுங்க. முடிஞ்சா காலைல ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணி முதல் பத்து செகண்ட் சத்தத்தை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அதையும் சேர்த்து அனுப்புங்க, டாப்பெட் சத்தமா செயின் சத்தமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்.